‘மண்டையில ஏறாது’: ஒரு தீர்ப்பின் வரலாறு

1

‘இதுங்க மண்டையில ஏறாது.’ கடலூர், சிதம்பரம் பக்கத்துச் சேரிகளிலிருந்து பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும், இந்தச் சொல்லை ஒரு தடவையாவது காதால் கேட்டதாகச் சொல்வார்கள். ‘இது’ என்றுகூட இல்லை, ‘இதுங்க’. ஒரு பிள்ளைக்கு ஒரு கணக்கு வரவில்லை என்றால் அந்தப் பிள்ளையின் அப்பன், பாட்டன், தெரு எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த நிமிஷத்திலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்.

இதே சொல் இன்னொரு இடத்திலும் புழங்குகிறது. மனச்சிதைவு நோய் வந்தவர்களின் வீடுகளில். ‘எத்தன தடவ சொன்னாலும் மண்டையில ஏற மாட்டேங்குது’ என்று அம்மாக்கள் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். காதில் குரல் கேட்பது, யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுவது, தனியாகச் சிரிப்பது, இவைதான் அந்த நோய் என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். படித்தது நிற்காமல் போவதும், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளத் திணறுவதும் அந்த நோயின் உள்ளேயே இருப்பவை. பல பேருக்குக் குரல் கேட்பதற்கு வருஷக்கணக்கில் முன்னாலேயே தொடங்கிவிடுபவை.

இந்த இரண்டு தீர்ப்பும் ஒரே மண்டைமேல் விழுந்தால் என்ன ஆகும்? சேரியில் பிறந்த ஒரு பிள்ளைக்குப் பதினைந்து வயதில் படிப்பு தடுமாறத் தொடங்கினால், அது ஒரு நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம் என்று யார் யோசிப்பார்கள்? ‘இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு’ என்பதோடு விஷயம் முடிந்துவிடும். என் பெரியம்மா மகனுக்கு அப்படித்தான் முடிந்தது. அவர் கதையைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தத் தீர்ப்பு எந்த வழியாக நடந்து வந்தது என்று பார்க்க வேண்டும். சிதம்பரத்திலிருந்தே தொடங்கலாம்.

2

ஆதனூர் நந்தனை 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடினார். தில்லைக்குப் போகும் ஆசை ஒருபக்கம், பிறப்பு என்கிற தடை ஒருபக்கம். ‘நாளைப் போவேன்’ என்று சொல்லிச் சொல்லியே நாள் கழிந்ததால் திருநாளைப்போவார் என்று பேர். சேக்கிழார் சொன்ன கதையில் பண்ணைக்காரர் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனையாக எழுதியபோதுதான் வேதியர் என்கிற நிலச்சொந்தக்காரர் உள்ளே வருகிறார். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்துவிட்டு அப்புறம் போ என்கிறார். அந்தக் கதையில், சிதம்பரம் போகவேண்டும் என்று நந்தன் துடிப்பதைச் சுற்றியிருப்பவர்கள் பைத்தியம் என்றே பேசுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சிவனுக்கே பித்தன் என்று பேர். பழைய தென்னார்க்காட்டுத் திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரர் பாட வாயெடுத்தபோது வந்த முதல் சொல்லே அதுதான். சாமிக்குப் பித்துப் பிடித்தால் திருவிளையாடல். அடியாருக்குப் பிடித்தால் தேவாரம். பண்ணையாளுக்குப் பிடித்தால் மட்டும் நடவு கெட்டுப்போகும். பித்து யாருடையது என்று பார்த்துத்தான் அதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். நந்தனைத் தீயில் இறக்கி, பூணூல் போட்ட முனிவராக வெளியே எடுத்து, அப்புறம் காணாமலாக்கியது புராணம். அந்தத் தீயை நாம் எப்படி வாசிக்கிறோம் என்பது இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்குப் புதிதில்லை.

நந்தன் நின்ற ஊருக்கு 1910-இல் ஓர் இளைஞர் வந்துசேர்ந்தார். ஆரணிப் பக்கம் 1890-இல் பிறந்தவர். சுவாமி சகஜானந்தர். கோயில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகாமல் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூடம், பிள்ளைகள் தங்க விடுதி, பிறகு பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி என்று அது வளர்ந்தது. சட்டமன்றத்திலும் இருந்தார். 1959-இல் கண்மூடும்வரை அந்தப் பள்ளியே அவர் வேலை. இன்றும் நந்தனார் பெயரில் அந்த ஊரில் பள்ளிக்கூடம் நடக்கிறது. அதே ஊரில்தான் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் வந்தது.

சகஜானந்தரின் பள்ளியை ‘ஏறாது’ என்கிற தீர்ப்புக்கு எழுதிய மேல்முறையீடு என்று சொல்வேன். ஒரு பிள்ளைக்கு வயிற்றுக்குச் சோறு, உட்கார இடம், படிக்க விளக்கு, அடிக்காத வாத்தியார் இவை நாலும் இருந்தால் ஏறும் என்று அந்தப் பள்ளி காட்டியது. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் மாடு மேய்த்தவர்களின் பிள்ளைகள் அங்கிருந்து வாத்தியாராக, எழுத்தராக, வக்கீலாக வெளியே வந்தார்கள்.

அந்த மேல்முறையீடு ஜெயித்ததில் நம்மீது ஒரு பாரமும் ஏறியது. நம் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் போகிற ஒவ்வொரு பிள்ளையும் தனக்காக மட்டும் படிப்பதில்லை. ‘நம்மாலும் முடியும்’ என்று தெருவுக்கே சாட்சி சொல்லப் போகிறது. அந்தப் பிள்ளை தோற்றால் சாட்சி பிறழ்ந்த மாதிரி. மூளையில் ஏதோ ஒன்று மெதுவாகப் பிசகி, அதனால் உண்மையிலேயே படிப்பு நிற்காமல் தவிக்கிற பிள்ளைக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு தீர்ப்பு, சேரித் தெருவில் ஒரு வருத்தம். இரண்டுக்கும் நடுவில் அதை விசாரிக்க ஆளில்லை.

3

விடுதலை ஆசைக்குப் பைத்தியம் என்று பேர்வைத்த வேலை சிதம்பரத்தோடு நின்றுவிடவில்லை. கோபாலகிருஷ்ண பாரதியின் காலத்திலேயே, 1851-இல், அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் ஒரு புது நோயைக் கண்டுபிடித்ததாக எழுதினார். கறுப்பு அடிமைகள் எசமானை விட்டு ஓடிப்போவதுதான் நோய். அதற்கு ‘டிராப்படோமேனியா’ என்று கிரேக்கத்தில் பேரும் வைத்தார். வைத்தியம்? சவுக்கு. வேதியரின் நாற்பது வேலியும் கார்ட்ரைட்டின் சவுக்கும் செய்கிற வேலை ஒன்றுதான்.

நூறு வருஷம் கழித்து, மனச்சிதைவு நோயே இந்த வேலைக்குப் பயன்பட்டது. மிச்சிகன் மாநிலத்து அயோனியா மனநல மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டி ஜோனதன் மெட்ஸல் எழுதிய புத்தகம் 2010-இல் வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த நோய் சாதுவான வெள்ளைக்காரர்களின், முக்கியமாக இல்லத்தரசிகளின் நோயாகப் பேசப்பட்டிருக்கிறது. 1960-களில் கறுப்பு மக்கள் உரிமை கேட்டுத் தெருவில் இறங்கியபின் அதே நோய் கோபக்காரக் கறுப்பு ஆண்களின் நோயாக மாறுகிறது. 1968-இல் இரண்டு மருத்துவர்கள் ‘எதிர்ப்பு மனநோய்’ என்றே பெயரிட்டுக் கட்டுரை எழுதினார்கள். 1974-இல் ஹலோபெரிடால் மருந்துக்கு வந்த விளம்பரத்தில் முஷ்டியை உயர்த்தி நிற்கும் ஒரு கறுப்பு ஆண் படம்.

புத்தியை அளக்கும் கோலுக்கும் இதே கதை. 1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே அதை உருவாக்கியது, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று தெரிந்துகொள்ள. அட்லாண்டிக் கடலைத் தாண்டியதும் அது பிறவிப் புத்தியை அளக்கும் கோலாக மாற்றப்பட்டது. கலிஃபோர்னியாவில் பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 10 சதவீதம்தான் கறுப்புப் பிள்ளைகள். மந்தபுத்தி வகுப்புகளில் அவர்கள் சுமார் 25 சதவீதம். பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். அந்தப் பிள்ளைகளை இந்தக் கோலால் அளந்து அந்த வகுப்புகளில் தள்ளக்கூடாது என்று 1979-இல் நீதிபதி பெக்கம் தீர்ப்பளித்தார். நம் ஊரில் பினேயின் கோலை 1930-களில் காமத் என்பவர் கன்னடம், மராத்தி பேசும் பள்ளிப் பிள்ளைகளை வைத்துத் திருத்தினார். அதன் தமிழ் வடிவம் நம் மருத்துவமனைகள் வரை வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டில் புத்தகமே பார்க்காத பிள்ளையிடம் அந்தக் கோலை நீட்டினால் அது எதை அளக்கும்?

இவ்வளவையும் படித்துவிட்டு, பைத்தியம் என்பதே அதிகாரத்தின் கட்டுக்கதை என்று முடிவுகட்டுவது எளிது. 1961-இல் வந்த ஃபூக்கோவின் பைத்தியத்தின் வரலாறு தமிழ்ச் சிற்றிதழ்களுக்குள் நுழைந்த உற்சாகத்தில் அப்படிப் பேசியவர்களும் உண்டு. என் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல முடியாது. ராத்திரியெல்லாம் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிற மகனைப் பிடித்து உட்காரவைத்து, ஒரு வாய் சோறு ஊட்டுகிறவளுக்கு அது கட்டுக்கதை இல்லை. பொய்யான நோய்ப்பட்டம் சுமத்துவதும் நமக்கு எதிரானது. நிஜமான நோயைப் பார்க்க மறுப்பதும் நமக்கு எதிரானதுதான்.

4

அந்த நிஜமான நோய் என்ன செய்கிறது?

1890-களில் ஜெர்மன் மருத்துவர் எமில் கிரேப்பலின் இதற்கு ‘டிமென்ஷியா பிரீகாக்ஸ்’ என்று பேர் வைத்தார். இளவயதிலேயே வருகிற அறிவழிவு என்று பொருள். தேய்ந்துகொண்டே போகும், திரும்பாது என்பது அவர் கருத்து. 1908-இல் சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிளாய்லர் அந்தப் பேரை மறுத்து ‘ஸ்கிஸோஃப்ரீனியா’ என்றார். அறிவும் நினைவும் அழிந்துவிடவில்லை, ஒன்றையொன்று கோக்கும் இழைதான் அறுந்திருக்கிறது என்பது அவர் கட்சி. கிரேப்பலின் சொன்ன மாதிரி எல்லோரும் தேய்ந்து போவதில்லை. பிளாய்லர் நினைத்த மாதிரி நினைவாற்றல் முழுசாகத் தப்பித்துவிடுவதும் இல்லை. நாம் தமிழில் ‘மனச்சிதைவு’ என்கிறோம். சிதைவு என்றால் இடிந்த மண்டபம்தான் கண்ணில் வரும். ஜப்பான்காரர்கள் 2002-இல் தங்கள் மொழியில் இந்த நோயின் பேரையே மாற்றினார்கள், கொரியாக்காரர்கள் 2011-இல் மாற்றினார்கள். பழைய பேர் அவமானமாக இருக்கிறது என்று நோயாளிகளின் வீட்டார் கேட்டதும் அதற்கு ஒரு காரணம். நமக்கும் அந்தக் கேள்வி உண்டு.

இங்கிலாந்தில் 1946 மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்த 5,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 30 பேருக்குப் பிற்பாடு மனச்சிதைவு வந்தது. 1994-இல் வெளியான ஆய்வில், அந்த 30 பேரின் பழைய பள்ளித் தேர்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். 8 வயதிலும், 11 வயதிலும், 15 வயதிலும் மற்றப் பிள்ளைகளைவிடச் சராசரியில் பின்தங்கியிருந்தார்கள். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73-இல் பிறந்த ஆயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்தவர்களும் 2010-இல் இதை ஒட்டியே எழுதினார்கள். சொல்லையும் காரணத்தையும் கையாள்வதில் சின்ன வயதிலேயே ஒரு குறை, வேகத்திலும் கவனத்திலும் வருஷம் ஏற ஏறக் கூடுகிற பின்னடைவு.

இது சராசரிக் கணக்கு. படிப்பில் முதலாவதாக வந்து பிறகு நோயில் விழுந்தவர்களும் இருக்கிறார்கள். பிரின்ஸ்டனில் படித்த கணித மேதை ஜான் நாஷுக்கு 1959-இல் நோய் கண்டது. 1994-இல் நோபல் பரிசு வாங்கினார். படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கெல்லாம் இந்த நோய் வரப்போகிறது என்று யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை காரணமில்லாமல் சரிந்தால் யாராவது ஒருத்தர் நின்று பார்க்க வேண்டும்.

வகுப்பறையில் இது எப்படி இருக்கும்? வாத்தியார் ‘42-ஆம் பக்கத்தை எடு, மூணாவது கணக்கைப் போடு, போட்டு முடிச்சிட்டுப் பக்கத்துப் பையன் விடையோட ஒத்துப்பாரு’ என்கிறார். இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று வேலை. பிள்ளை பக்கத்தை எடுக்கும். அதற்குள் மூணாவது கணக்கு என்பது நழுவிப் போயிருக்கும். கையில் எடுத்த நெல்லை விரலிடுக்கில் விட்டுவிடுகிற மாதிரி. மனசுக்குள் இரண்டு மூன்று விஷயத்தை ஒரே நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்வது, வேண்டாத சத்தத்தைத் தள்ளிவிட்டு வேண்டியதைக் கேட்பது, காதில் விழுந்த சொல்லை நாளைவரை காப்பாற்றுவது, ஒரு வேலையை மற்றவர்கள் வேகத்தில் முடிப்பது, இவைதான் பழுதாகின்றன. பார்க்கிறவர்களுக்கு அது சோம்பலாகத் தெரியும், திமிராகத் தெரியும்.

குரலை அடக்க 1952 முதல் மருந்து இருக்கிறது. குளோர்புரோமஸின் தொடங்கிப் பல மருந்துகள் வந்துவிட்டன. அவை குரலையும் பயத்தையும் தணிக்கின்றன. இந்தக் கற்றல் சிரமத்தை அவை பெரிதாகத் தொடுவதில்லை. நோயாளி வேலைக்குப் போகிறாரா, தனியாக வாழ்கிறாரா என்பதைக் குரல் கேட்பதைவிட, கேட்ட சொல்லை நினைவில் வைக்கும் திறன்தான் அதிகம் தீர்மானிக்கிறது என்று 1996-இல் மைக்கேல் கிரீன் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்.

காரணத்தைப் பரம்பரையோடு நிறுத்திவிடவும் முடியாது. இங்கிலாந்தில் குடியேறிய கரீபிய வம்சாவளிக் கறுப்பு மக்களிடம் இந்த நோய் வெள்ளையரிடம் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்று 2006-இல் வந்த பெரிய ஆய்வும் சொன்னது. கரீபியத் தீவுகளிலேயே வாழும் அவர்கள் சொந்தக்காரர்களிடம் அந்த அளவு இல்லை. வேண்டாதவர்களாக வாழ்வது மூளைக்குள்ளும் போகிறது. ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்களாகிய நாம் இதை வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

5

என் பெரியம்மா மகன் எனக்கு நாலு வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் எங்கள் சேரி. ஒன்பதாவது வரைக்கும் கணக்கில் வகுப்புக்கே முதல். சீமெண்ணெய் விளக்கில் எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அது 1980-களின் கடைசி.

பத்தாவது போனதும் கரும்பலகையில் இருப்பதை எழுதப் பாதியில் நிறுத்திவிடுவார். நோட்டைப் பார்த்தால் ஒரு வரி இருக்கும், மறு வரி இருக்காது. பெரியம்மா பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டாள். ‘நீங்க அனுப்பினதே பெரிசும்மா. ஒரு அளவுக்கு மேல இதுங்களுக்கு ஏறாது’ என்று அந்த வாத்தியார் சொல்லியனுப்பினார். எங்கள் தெருவில் வேறு மாதிரிச் சொன்னார்கள். ‘பொண்ணு விஷயமா இருக்கும்’, ‘சேர்க்கை சரியில்ல’. அந்த வருஷம் மூன்று பாடத்தில் தவறினார். மறுபடி எழுதினார், மறுபடி தவறினார்.

அப்புறம் கரும்பு வெட்டப் போனார். எந்தச் சாலில் நின்றோம் என்று மறந்து அடுத்தவர் சாலில் இறங்கிவிடுவார். மேஸ்திரி கை வைத்தார். குரல் வந்தது அதற்குப் பிறகுதான். காத்துக் கருப்பு என்று பூசாரியிடம் வேப்பிலை அடித்தோம், தாயத்துக் கட்டினோம். மருத்துவமனைக்குப் போகும்போது, ஒன்பதாவதில் முதலாவதாக வந்தவர் பத்தாவதில் ஏன் சரிந்தார் என்கிற கேள்விக்கு ஐந்து வயதாகிவிட்டது. அங்கே படிப்பு என்ற இடத்தில் ‘பத்தாவது, தேர்ச்சியில்லை’ என்று எழுதிக்கொண்டார்கள். எப்போதிலிருந்து சரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. சேரிப் பையன் பத்தாவது தவறுவதில் கேட்க என்ன இருக்கிறது?

மருந்து கொடுத்தார்கள். குரல் அடங்கியது. கை நடுக்கம் வந்தது. நடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில் என்ற சின்ன வெள்ளை மாத்திரை கூடச் சேர்ந்தது. நாக்கு வறண்டது. மறதி கூடியது. அந்தச் சின்ன மாத்திரை நினைவைக் கெடுக்கும் என்பது மருத்துவ நூல்களில் உள்ள சங்கதி. நடுக்கம் இல்லாதபோதும் அதை வருஷக்கணக்கில் தொடரக்கூடாது, தேவையா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். மாதாமாதம் வரிசையில் நின்று பொட்டலத்தை வாங்கிவரும் பெரியம்மாவிடம் அதை யாரும் சொல்லவில்லை.

அவரைக் கற்கவைத்தது அவருடைய தங்கச்சிதான். அவள் எட்டாவதோடு நின்றவள். எங்கள் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டி வந்தபோது மோட்டார் போட ஆள் தேடினார்கள். அண்ணனைப் போடுங்கள் என்று சண்டை பிடித்து வாங்கினாள். மோட்டார் கொட்டகைச் சுவரில் கரியால் நாலு வரி எழுதினாள். ‘சுவிட்சப் போடு. மணியப் பாரு. தொட்டி நிறஞ்சா நிறுத்து. சாவிய ஆணியில மாட்டு.’ முதல் வாரம் முழுக்க முதல் வரி மட்டும். அது கைக்கு வந்த பிறகு இரண்டாவது. தப்புச் செய்யவிட்டுத் திட்டவில்லை. தப்பு நடப்பதற்கு முன்பே கையைப் பிடித்துக் காட்டினாள். மூன்று மாதம் ஆனது. பல வருஷங்களாக அந்தத் தொட்டியை அவர்தான் பார்க்கிறார். ‘கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனா ஏறுதுடா’ என்று அவள் ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

அவள் செய்ததற்கு இன்று மனநல மருத்துவத்தில் பேர் உண்டு. பிழையில்லாக் கற்றல், அறிவுத்திறன் மறுபயிற்சி என்கிறார்கள். வேலையைச் சின்னச் சின்னப் படியாக உடைப்பது, எழுதி ஒட்டுவது, ஒரு படி பழகிய பிறகே அடுத்தது, நிஜமான ஒரு வேலையோடு சேர்த்துக் கற்றுத்தருவது. இதனால் பலன் உண்டு என்று பல நாட்டு ஆய்வுகளும் ஒத்துக்கொள்கின்றன.

6

இந்தப் பயிற்சி அண்ணனுக்கு ஏன் ஆஸ்பத்திரியில் கிடைக்கவில்லை? அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

மதராசில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி 1794-இல் தொடங்கியது. 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. தென்னார்க்காட்டுக்காரர்களுக்கும் அதுதான். சிதம்பரத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். 1912-ஆம் வருஷத்துப் பைத்தியச் சட்டத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டுபோய் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துகிற முறைதான் இருந்தது. வெள்ளைக்காரன் போய் நாற்பது வருஷம் கழித்து 1987-இல்தான் அதற்குப் பதில் வேறு சட்டம் வந்தது. குற்றமே செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று 1993-இல் ஷீலா பார்சே வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நடந்தது என்ன என்று தெரியும்.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் செத்தார்கள். பித்தர்களைத் தீயில் இறக்குவது புராணத்தோடு முடியவில்லை. 2017-இல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்து, சிகிச்சையை உரிமை என்றது.

1982-இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் கிடைத்தது திருச்சிக்கு. இப்போது கடலூர் உட்பட எல்லா மாவட்டத்துக்கும் திட்டம் உண்டு. சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985-இல் வந்த மருத்துவக் கல்லூரி இப்போது அரசுக் கல்லூரி. ஆனாலும் தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015–16-இல் நாடு முழுக்கப் பார்த்தபோது, கடுமையான மனநோய் உள்ளவர்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள்.

விடாமல் பார்த்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. 1981 வாக்கில் சென்னையில் முதல்முதலாக நோய் கண்ட 90 பேரைச் சேர்த்து, இருபது வருஷத்துக்கு மேலாகத் தொடர்ந்தார்கள். ரா. தாராவும் மற்றவர்களும் அதை எழுதியிருக்கிறார்கள். பத்து வருஷத்தில் அவர்களில் பாதிக்கு மேல் கல்யாணம் ஆகியிருந்தது. ஆண்களில் பெரும்பாலோர் வேலை பார்த்தார்கள். கிரேப்பலின் எழுதிய தேய்வு எல்லோர் தலையிலும் எழுதப்பட்டதில்லை.

7

சட்டம் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மனநோயும் இருக்கிறது, கற்றல் குறைபாடும் இருக்கிறது. 40 சதவீதம் பாதிப்பு என்று சான்றிதழ் இருந்தால் உயர்கல்வியில் 5 சதவீத இடத்திலும் அரசு வேலையில் 4 சதவீத இடத்திலும் பங்கு கேட்கலாம். தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். ஆனால் கற்றல் குறைபாடு ஒரு மேசையில், மனநோய் இன்னொரு மேசையில். மனநோயால் கற்க முடியாமல் தவிக்கும் பிள்ளை இரண்டு மேசைக்கும் நடுவில் நிற்கிறது. சான்றிதழ் வாங்கக் கடலூருக்கு நடையாய் நடக்க ஒரு நாள் கூலி போகும். அந்தக் கூலி இல்லாதவர்தான் நம் ஆள்.

அதனால் சில காரியங்களை நம் மாணவர்களும் இயக்கத்தவரும் கையில் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும், நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் சரிந்தால், பேரை அடிப்பதற்கு முன் மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். மருத்துவமனையில் ‘எதுவரை படித்தார்’ என்று கேட்பதோடு ‘எப்போதிலிருந்து தடுமாறினார்’ என்றும் எழுதச் சொல்ல வேண்டும். மறதியைக் கூட்டும் மாத்திரை தேவையா என்று கேட்க வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுபயிற்சி மருந்தோடு சேர்ந்து வட்ட மருத்துவமனை வரைக்கும் வரவேண்டும். இதற்குப் பெரிய எந்திரம் எதுவும் வேண்டாம். பொறுமையான ஓர் ஆளும் எழுத ஒரு சுவரும் போதும்.

சகஜானந்தர் காலத்துச் சண்டை, ‘இவர்களுக்கும் ஏறும்’ என்று காட்டுவது. அதை நாம் இன்னும் முடிக்கவில்லை. அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஏறாமல் தவிப்பவர்களும் நம்மவர்கள்தான். மதிப்பெண் வாங்கிக் கொடுத்தால்தான் தெருவுக்கு மரியாதை என்று ஆகிவிட்டால், அந்தப் பழைய வாத்தியாரின் கோலைத்தான் நாமும் கையில் பிடித்திருப்போம். ஒரு பிள்ளை மெதுவாகக் கற்றால் மெதுவாகக் கற்பிக்க வேண்டும். இன்றைக்கு ஒரு வரி ஏறினால் நாளைக்கு அடுத்த வரி. ‘நாளை’ என்ற சொல்லை நந்தனுக்குப் பரிகாசப் பேராகக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு அதைத் தவணையாக வாங்கிக் கொடுக்கலாம்.